எந்த டைக்கு எந்த முடிச்சு: பிரித்தும் கட்டியும் பார்த்த குறிப்புகள்

முடிச்சு பழகுவதற்கு முன்னால் ஒரு டையைப் பிரித்தேன். கறை போகாததால் ஒதுக்கி வைத்திருந்த பழைய பட்டு டை அது. அதன் முதுகில் மேலிருந்து கீழாக ஓடும் தையலை வெட்டித் திறந்தால், முழு நீளத்துக்கும் ஒரு முரட்டுத் துணி உள்ளே இருந்தது. தொட்டால் மெல்லிய கம்பளி போல இருக்கிறது. டைக்கு உடம்பு கொடுப்பது அதுதான். முதுகுத் தையலும் நான் எதிர்பார்த்த மெஷின் தையலாக இல்லை. ஒற்றை நூலால் எட்ட எட்டப் போட்ட தளர்ந்த தையல். நூலின் கடைசியில் ஒரு சிறு வளையத்தை உபரியாக விட்டிருந்தார்கள். முடிச்சை இறுக்கும்போது துணி அந்த நூலின் மேல் சறுக்கி நீளவும், பிரித்தபின் பழைய நிலைக்குத் திரும்பவும் அந்த உபரி வேண்டும். அதைப் பிசிறு என்று நினைத்துக் கத்தரித்துவிடாதீர்கள்.

மேல்துணி இழையின் வாக்கில் வெட்டப்படவில்லை. மூலைவாட்டில், 45 பாகைச் சாய்வில் வெட்டி, மூன்று துண்டுகளை இணைத்திருந்தார்கள். இந்த முறைக்கு 1920களில் காப்புரிமை பெற்றவர் நியூயார்க்கில் டை தயாரித்த ஜெஸ்ஸி லாங்ஸ்டார்ஃப். மூலைவாட்டில் வெட்டிய துணிக்கு இழுபடும் தன்மை உண்டு. முடிச்சுக்குள் நெளிந்து கொடுக்கும், அவிழ்த்ததும் மீளும். கடையிலேயே இதைச் சோதிக்கலாம். டையின் நடுப்பகுதியை ஒரு விரலின் மேல் போட்டுத் தொங்கவிடுங்கள். அகல முனை நேராகத் தொங்கினால் நல்லது. தானாக முறுக்கிக்கொண்டு திரும்பினால் வெட்டிய சாய்வு பிசகியிருக்கிறது. அந்த டையில் எவ்வளவு திறமையாக முடிச்சுப் போட்டாலும் நுனி கோணலாகவே நிற்கும்.

பிரித்துப் பார்த்ததில் கிடைத்த பெரிய பயன், முடிச்சின் பருமனை அதன் பெயர் மட்டும் தீர்மானிப்பதில்லை என்று கண்ணால் கண்டதுதான். உள்துணி தடிமனாக இருந்தால் எளிய முடிச்சுகூடப் பெரிதாக வரும். முடிதுறந்த பிரிட்டிஷ் மன்னர் எட்டாம் எட்வர்டான விண்ட்சர் கோமகனின் பெயரில் வழங்கும் அகன்ற முக்கோண முடிச்சை அவர் கட்டவே இல்லை. தடித்த உள்துணி வைத்து டைகளைத் தைக்கச் சொல்லி, அவற்றில் ஃபோர்-இன்-ஹேண்ட் என்ற சாதாரண முடிச்சைப் போட்டார். அவருடைய முடிச்சின் பருமனைப் பார்த்தவர்கள், மெல்லிய டையில் அதே தோற்றத்தை வரவழைக்கச் சுற்றுகளைக் கூட்டிய முடிச்சுக்குத்தான் அவர் பெயர் ஒட்டிக்கொண்டது.

என்னிடம் இருந்தவை: மெல்லிய பட்டு டை ஒன்று, வழுக்கும் பாலியஸ்டர் ஒன்று, தடித்த கம்பளி டை ஒன்று, நேர்வெட்டு நுனியுள்ள பின்னல் டை ஒன்று, இரண்டு விரல் அகலமே உள்ள ஒல்லி டை ஒன்று. அதுவரை அணிந்துவந்தது ஜிப் வைத்த ரெடிமேட் முடிச்சு. அதை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு டைக்கும் பொருந்தும் முடிச்சைக் கண்டுபிடிப்பதுதான் வேலை.

பயிற்சியைக் கழுத்தில் தொடங்கவில்லை, தொடையில் தொடங்கினேன். நாற்காலியில் உட்கார்ந்து தொடையைச் சுற்றி டையைப் போட்டால் முடிச்சு கண்ணுக்கு நேராக இருக்கிறது. கழுத்தில் போட்டால் கண்ணாடி வேண்டும்; கண்ணாடியை வைத்துக்கொண்டு, எதிரே நிற்பவரைப் படம் பிடித்த விளக்கத்தைப் பின்பற்றினால் இடமும் வலமும் மாறிப்போய்க் கை குழம்பும். தொடையில் கை பழகியபின் கழுத்துக்கு மாறினால் கண்ணாடியே தேவைப்படுவதில்லை. கடைசியில் முடிச்சுக்குக் கீழே விழும் குழிவைச் சரிசெய்ய மட்டும் கண்ணாடிக்குப் போகலாம்.

முதலில் ஃபோர்-இன்-ஹேண்ட். அகல முனை வலப்பக்கம் தொங்கட்டும், குறுகிய முனை இடப்பக்கம். அகல முனையைக் குறுகிய முனையின் முன்புறமாக இடப்பக்கம் கொண்டுபோகவும். பின்புறமாக வலப்பக்கம் திரும்பக் கொண்டுவரவும். மறுபடி முன்புறமாக இடப்பக்கம். இந்த இரண்டாவது முன்சுற்றுதான் பிறர் கண்ணுக்குத் தெரியும் முடிச்சின் முகம். அதற்குள் ஒரு விரலை விட்டுவைத்தால் பிறகு தேட வேண்டியதில்லை. இப்போது அகல முனையைப் பின்னாலிருந்து கழுத்து வளையத்துக்குள் மேலே எடுத்து, விரல் வைத்திருந்த முன்சுற்றுக்குள் கீழ்நோக்கி நுழைக்கவும். முடிந்தது. முடிச்சு சற்றுச் சாய்வாகத்தான் வரும். அந்தச் சாய்வைக் குறையாக நினைத்து நிமிர்த்தப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நூல் பிடித்துச் சமன் பார்த்தது போன்ற முடிச்சைவிட இதில் உயிர் இருக்கிறது.

அடுத்த முடிச்சுகளுக்குப் போனதும் "மேலே, கீழே, சுற்றி, உள்ளே" என்ற வகை விளக்கங்கள் போதவில்லை. ஒரே முடிச்சை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். இங்கே கைகொடுத்தது இயற்பியலாளர்கள் வகுத்த ஒரு குறியீடு. கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில் இருந்த தாமஸ் ஃபிங்க், யோங் மாவ் இருவரும் 1999இல் நேச்சர் இதழில் டை முடிச்சுகளைக் கணக்காக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கழுத்தில் போட்ட டையின் அகல முனையைக் குறுகிய முனையின் குறுக்கே போட்டதும் மூன்று இடைவெளிகள் உண்டாகின்றன: இடம், வலம், மோவாய்க்குக் கீழே உள்ள நடு. அகல முனை ஒவ்வொரு அசைவிலும் இந்த மூன்றில் ஒன்றுக்குப் போகிறது. போகும்போது சட்டையை நோக்கிப் போகும், அல்லது சட்டையை விட்டு வெளியே வரும். அவ்வளவுதான் முழு இலக்கணமும்.

நான் என் நோட்டில் இ, வ, ந என்றும், உள், வெளி என்றும் எழுதிக்கொண்டேன். உள்ளும் வெளியும் மாறி மாறித்தான் வர முடியும். ஒரே இடைவெளிக்கு அடுத்தடுத்துப் போக முடியாது. முதல் அசைவு எப்போதும் இ. கடைசி அசைவு எப்போதும் ந-வெளி, அதற்கு முந்திய இரண்டும் இடமும் வலமுமாக மாறி முகச்சுற்றை உண்டாக்குபவை, அதன்பின் அந்த முகச்சுற்றுக்குள் நுழைப்பது. இந்த விதிகளோடு ஒன்பது அசைவுகளுக்கு மேல் போகக் கூடாது என்றும் வைத்துக்கொண்டால் 85 முடிச்சுகள் கிடைக்கின்றன. மூன்று அசைவுகளில் 1, நான்கில் 1, ஐந்தில் 3, ஆறில் 5, ஏழில் 11, எட்டில் 21, ஒன்பதில் 43. ஒவ்வொன்றும் முந்தியதன் இரட்டிப்புக்கு ஒன்று கூடவோ குறையவோ இருப்பதைக் கவனியுங்கள். பெரும்பாலானவை யாரும் கட்டிப் பழகாதவை, பெயரும் இல்லாதவை.

என் நோட்டில் உள்ள வரிகள் இவை:

ஓரியண்டல்: இ-வெளி, வ-உள், ந-வெளி, நுழை.
ஃபோர்-இன்-ஹேண்ட்: இ-உள், வ-வெளி, இ-உள், ந-வெளி, நுழை.
நிக்கி: இ-வெளி, ந-உள், வ-வெளி, இ-உள், ந-வெளி, நுழை.
பிராட்: இ-வெளி, ந-உள், இ-வெளி, வ-உள், ந-வெளி, நுழை.
அரை விண்ட்சர்: இ-உள், வ-வெளி, ந-உள், இ-வெளி, வ-உள், ந-வெளி, நுழை.
விண்ட்சர்: இ-உள், ந-வெளி, வ-உள், இ-வெளி, ந-உள், வ-வெளி, இ-உள், ந-வெளி, நுழை.

இப்படி எழுதிப் பார்த்ததும், தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியவை என்று நினைத்தவை ஒரே குடும்பமாகிவிட்டன. ஒரு முடிச்சில் டையை ஏன் தையல் பக்கம் வெளியே தெரியப் புரட்டிப் போடச் சொல்கிறார்கள், இன்னொன்றில் ஏன் சொல்வதில்லை என்பதற்கும் விடை இங்கேயே இருக்கிறது. கடைசி அசைவு வெளியே வருவது. உள்ளும் வெளியும் மாறி மாறி வருபவை. எனவே அசைவுகள் இரட்டைப்படை என்றால் தொடக்கம் உள், டை நேராகக் கிடக்கும். ஒற்றைப்படை என்றால் தொடக்கம் வெளி, டையைப் புரட்டிப் போட வேண்டும். மூன்று அசைவுள்ள ஓரியண்டல், ஐந்து அசைவுள்ள நிக்கி, பிராட் மூன்றும் புரட்டிப் போடுபவை. இவற்றைக் கட்டி முடித்தபின் குறுகிய முனை தையல் பக்கம் வெளியே தெரியத் தொங்கும். அகல முனை மறைத்துவிடுவதால் பாதகமில்லை. ஒல்லி டையில் மட்டும் காற்றடித்தால் தெரிந்துவிடும்.

நடுவுக்குப் போகும் அசைவுகளை எண்ணினால் முடிச்சின் அகலமும் தெரிந்துவிடுகிறது. ஒவ்வொரு நடு அசைவும் கழுத்து வளையத்தின் ஒரு பக்கத்தைச் சுற்றிக்கொண்டு முடிச்சின் தோளை விரிக்கிறது. ஃபோர்-இன்-ஹேண்டில் ஒன்று, அரை விண்ட்சரில் இரண்டு, விண்ட்சரில் மூன்று. மற்ற அசைவுகள் முடிச்சை நீளவாக்கில் தடிக்க வைக்கின்றன.

பிராட் முடிச்சைப் பற்றி ஒரு சிறு சேதி. 1989இல் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இதைப் பற்றிச் செய்தி வந்தது. ஜெர்ரி பிராட் என்பவர், தொலைக்காட்சிச் செய்தியாளர் டான் ஷெல்பிக்கு இதைக் கற்றுக்கொடுத்திருந்தார். அதனால் சிலர் இதை ஷெல்பி என்றும் அழைப்பார்கள். ஒரு முடிச்சு முதல் பக்கச் செய்தியாவதற்கு அன்று உலகில் வேறு சேதிகள் குறைவாக இருந்திருக்க வேண்டும்.

இனி டைகளோடு பொருத்திப் பார்த்தது.

மெல்லிய பட்டில் ஃபோர்-இன்-ஹேண்ட் சிறுத்துப்போகிறது. காலரின் இரு நுனிகளும் நெருக்கமாக இருக்கும் சட்டைக்கு அது சரி. விரிந்த காலரில் இரு புறமும் இடைவெளி விழுந்து, கழுத்துப் பட்டை எட்டிப் பார்க்கிறது. அதே பட்டில் அரை விண்ட்சர் அளவாக நிறைந்தது. முழு விண்ட்சர் போட்டதும் முகத்தைவிட முடிச்சுதான் முதலில் தெரிந்தது. மிக விரிந்த காலருக்கும் மெல்லிய துணிக்கும் மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

பாலியஸ்டரில் சிக்கல் வேறு. கட்டும்போது அழகாக இருக்கும், நடக்க நடக்க நழுவும். ஃபோர்-இன்-ஹேண்டும் ஓரியண்டலும் இதில் தளர்ந்துகொண்டே இருந்தன. உராய்வுக்குச் சுற்று போதவில்லை. அரை விண்ட்சர் நின்றது. பிராட்டும் நின்றது, அதோடு இரு புறமும் சமமாக, சிறியதாக, கச்சிதமாக இருந்தது. விண்ட்சர் குடும்பத்தின் ஒழுங்கு வேண்டும், பருமன் வேண்டாம் என்பவர்களுக்கு நான் சொல்வது பிராட்டைத்தான்.

பின்னல் டைக்கு ஃபோர்-இன்-ஹேண்டைத் தவிர வேறு எதையும் யோசிக்க வேண்டாம். பின்னலின் முரட்டுத்தன்மையே முடிச்சைப் பிடித்துக்கொள்கிறது. அரை விண்ட்சர் போட்டால் கழுத்தில் ஒரு உருண்டை உட்கார்ந்துவிடுகிறது. ஒல்லி டைக்கும் அதே விதி. முடிச்சு டையின் அகலத்தைத் தாண்டினால் பார்ப்பதற்கு விகாரம். கம்பளி டைக்கு ஓரியண்டல். மூன்றே அசைவுகள், துணியின் தடிமன் மீதியைப் பார்த்துக்கொள்கிறது.

துணியும் காலரும் சம்மதித்தாலும் நீளம் சம்மதிக்க வேண்டும். பெரும்பாலான விளக்கங்களில் இது விடுபட்டுப்போகிறது. வழக்கமான டை 145 முதல் 150 செ.மீ. வரை இருக்கும். நின்ற நிலையில் அகல முனையின் கூர் பெல்ட் பக்கிளைத் தொட வேண்டும்; குறுகிய முனை அதைவிடக் கீழே இறங்கக் கூடாது, அகல முனையின் பின்புறம் தைத்திருக்கும் வளையத்துக்குள் செருகும் அளவுக்காவது வர வேண்டும். ஒவ்வொரு சுற்றும் இந்த நீளத்திலிருந்துதான் எடுக்கிறது. கழுத்து பருத்தவர், உயரமானவர் இருவரும் விண்ட்சர் போட்டால் குறுகிய முனை நெஞ்சோடு நின்றுவிடும். அவர்களுக்கு ஓரியண்டலும் ஃபோர்-இன்-ஹேண்டும் நீளத்தை மிச்சம் பிடித்துத் தரும். குள்ளமானவருக்கு இதே கணக்கு தலைகீழ்: டை நீளம் என்று வருந்துவதைவிட, நீளத்தை விழுங்கும் அரை விண்ட்சரைப் போட்டுக்கொள்ளலாம்.

தொடங்கும் இடத்தை ஒவ்வொரு தடவையும் ஊகிக்காமல் இருக்கச் சட்டைப் பட்டன்களையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். குறுகிய முனையின் நுனி எந்தப் பட்டனுக்கு நேராகத் தொடங்கினால் முடிவில் அகல முனை பக்கிளுக்கு வருகிறது என்று ஒவ்வொரு டைக்கும் ஒவ்வொரு முடிச்சுக்கும் நோட்டில் குறித்தேன். தேடும்போது ஒரு துணிக் கிளிப்பைத் தொடக்கப் புள்ளியில் மாட்டிவிட்டுக் கட்டினால், கூடுதலோ குறைவோ என்று பார்த்து அடுத்த முறை கிளிப்பை நகர்த்தலாம். முடிவில் இரு முனைகளுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசத்தை மாற்ற வேண்டுமோ, ஏறக்குறைய அதில் பாதி தூரம் தொடக்கத்தை மாற்றினால் போதும் என்பது முதலில் புரியவில்லை. யோசித்தால் நியாயம்தான், ஒரு முனை ஏறினால் மறுமுனை இறங்குகிறது. ஆனால் அது முனைகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்துக்குப் பொருந்தும் கணக்கு. பக்கிளை மட்டும் பார்த்தால் நகர்த்திய அளவே நுனி நகரும். எதை அளக்கிறோம் என்பதில் தெளிவு வேண்டும்.

இறுக்குவது தனிக் கலை. காலரைத் தூக்கி, மேல் பட்டனைப் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். நுழைத்தபின் முதலில் அகல முனையைக் கீழே இழுத்து முடிச்சை உருவாக்கவும். அது வடிவம் பெற்றபிறகுதான் குறுகிய முனையைப் பிடித்துக்கொண்டு முடிச்சை மேலே தள்ள வேண்டும். தளர்ந்த முடிச்சை அப்படியே மேலே தள்ளினால் அது நீண்டு, முறுக்கிக்கொண்டு போய்விடும். முடிச்சுக்குக் கீழே விழும் குழிவும் இந்த இரண்டு படிகளுக்கு நடுவில்தான் உருவாகிறது. அகல முனையின் இரு ஓரங்களையும் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் அழுத்தி, ஆள்காட்டி விரலால் நடுவில் உள்நோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டே இறுக்க வேண்டும். கட்டி முடித்தபின் குழிவு போட முயன்றால் நிற்காது. பட்டில் உடனே விழுகிறது. கம்பளியில் பிடிவாதமாக மறுக்கிறது, அதை வற்புறுத்துவதில் பயனில்லை.

காலருக்கும் கழுத்துக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும். இது சௌகரியத்துக்காக மட்டும் சொல்வதில்லை. இறுக்கமான டை கண்ணின் உள்ளழுத்தத்தை உயர்த்துகிறது என்று 2003இல் பிரிட்டனின் கண் மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் ஆய்வு வெளியானது. காலர் இறுகுகிறது என்றால் சட்டையின் அளவை மாற்றுங்கள். முடிச்சின் மேல் பழி போடாதீர்கள்.

குறுகிய முனையால் கட்டும் எல்ட்ரிட்ஜ், டிரினிட்டி வகைகளையும் பார்த்தேன். இவற்றில் அகல முனை அசையாமல் நிற்க, குறுகிய முனை பல தடவை சுற்றி முகத்தில் பின்னல் போன்ற வரிகளை உண்டாக்குகிறது. ஃபிங்க், மாவ் இருவரின் கணக்கில் இவை வரவில்லை. மிக்கேல் வெய்டெமோ-யோஹான்சனும் அவருடைய குழுவினரும் பின்னர் விதிகளைத் தளர்த்தி எண்ணியபோது தொகை 2,66,682 ஆனது. ஒற்றை நிற டையில் எல்ட்ரிட்ஜ் கண்ணைப் பறிக்கிறது. கோடு போட்ட டையில் வெறும் குழப்பம். என் அன்றாட டைகள் எதற்கும் இது வேண்டாம் என்று முடிவு செய்தேன். மாலை முழுக்கப் பிறர் முடிச்சையே பார்த்துப் பேசுவார்கள்.

அவிழ்ப்பதில் அவசரம் கூடாது. குறுகிய முனையைப் பிடித்து முடிச்சுக்குள்ளிருந்து ஒரே இழுப்பாக உருவினால் முதுகுத் தையலின் நூல் அறுபடும், உள்துணி சுருளும். கட்டிய வரிசையையே பின்னிருந்து முன்னாக அவிழ்க்க வேண்டும். இரவு முழுக்க முடிச்சோடு தொங்கவிட்டு மறுநாள் தலைவழியே மாட்டிக்கொள்ளும் வழக்கம் டையைச் சீக்கிரம் கொன்றுவிடும். மடிப்பு விழுந்திருந்தால் இஸ்திரிப் பெட்டியை நேராக வைக்காதீர்கள். ஓரங்கள் தட்டையாகி டை காகிதம் மாதிரி ஆகிவிடும். சற்று எட்ட வைத்து நீராவி காட்டினால் போதும்.

கட்டிப் பழகிய மெல்லிய பட்டு டையில், அகல முனைக்கு மேலே முதுகில் இரு ஓரங்களையும் சேர்த்துப் பிடிக்கும் குறுக்குத் தையல் விட்டுப்போயிருந்தது. அதே நிற நூலில், மெல்லிய ஊசியால், பின்துணியையும் உள்துணியையும் மட்டும் பிடித்துச் சில தையல்கள் போட்டு, நூல் முடிச்சை உள்ளே மறைத்துவிட்டேன். ஊசி முன்பக்கப் பட்டுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ள, அகல முனைக்குள் ஒரு விசிட்டிங் கார்டைச் செருகிவைத்தேன். இப்போது பட்டு, பாலியஸ்டர், கம்பளி, ஒல்லி டை நான்கும் கொக்கியில் தொங்குகின்றன. பின்னல் டை தொங்கவிட்டால் தன் எடையிலேயே நீண்டுவிடும் என்பதால் சுருட்டி டிராயரில் இருக்கிறது.